யூதர் வரலாறு தமிழுக்கு வந்த ஏடுகள்

(பட்டுக்கோட்டையில் நூல் ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி நிற்கும் மனோராவை இங்கே பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய கோபுரம் அது. அறுகோணம், எட்டு அடுக்கு, கட்டிய காலம் 1814ஐ ஒட்டி. அந்த வெற்றியை இன்று யாரும் கொண்டாடுவதில்லை. ஆனால் அதே அரசர் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு அடுக்கி வைத்த ஆயிரக்கணக்கான புத்தகங்கள் தஞ்சை சரசுவதி மகாலில் இருக்கின்றன. அவரைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு அந்தப் புத்தகங்கள் போதும்.

இன்றைய தலைப்பைக் கேட்டதும் பலருக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். பழைய யூதர் வரலாறு, அதன் முதல் மொழிபெயர்ப்புகள், அவற்றைத் தேடிச் சேர்ப்பது: இதற்கும் பட்டுக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. இந்தியாவிலேயே அந்த வரலாறு இந்திய மொழி ஒன்றில் முதன்முதலாக அச்சேறியது நம் காவிரிக் கரையில்தான். அதே அச்சகத்து ஏடுகளில் மிக அரிதான ஒன்று காணாமல் போனதும் நம் மாவட்டத் தலைநகரில்தான். இரண்டையும் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் யோசேப்பஸ் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உலகெங்கும் பழைய யூத வரலாற்று நூல்களைச் சேகரிப்பவர்கள் அவர் பெயரிலிருந்துதான் தொடங்குவார்கள். கி.பி. 37இல் எருசலேமில் குருமார் குடும்பத்தில் பிறந்தவர். ரோமப் பேரரசை எதிர்த்து யூதர்கள் எழுந்தபோது கலிலேயா பகுதியின் தளபதி. 67இல் யோதபாத்தா கோட்டை விழுந்தது. அவர் ரோமரிடம் சரணடைந்தார். 70இல் எருசலேம் ஆலயம் எரிந்தபோது அதைப் பகைவர் பாளையத்தில் இருந்து பார்த்தவர். சொந்த மக்களில் பலர் அவரைத் துரோகி என்றார்கள். அந்தப் பழியோடு ரோமில் உட்கார்ந்து எழுதினார்: யூதப் போரைப் பற்றி ஏழு பாகம், ஆதி முதல் தம் காலம் வரை யூதர் வரலாறாக இருபது பாகம். அவர் எழுதியிராவிட்டால் அந்தப் போரைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும். அவர் செய்த சரணாகதியை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் எழுதியவரின் வாழ்க்கையில் கறை இருக்கிறது என்று எழுதப்பட்டதை ஒதுக்கினால் வரலாறு என்று நம் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இந்த மனிதர் நம்மைப் பற்றியும் பேசுகிறார். மசாதா மலைக்கோட்டையில் சிக்கிய யூதர்களிடம் அவர்களுடைய தலைவர் எலெயாசர் ஆற்றியதாக ஓர் உரையை எழுதியிருக்கிறார். அதில் எலெயாசர், இந்தியர்களைப் பாருங்கள் என்கிறார். மெய்யறிவை நாடும் அவர்கள் மரணத்துக்கு அஞ்சாமல் உடலை நெருப்புக்குக் கொடுக்கிறார்கள், ஆன்மாவுக்கு அது விடுதலை என்று நம்புகிறார்கள் என்கிறார். இன்னொரு நூலில், அரிஸ்டாட்டிலின் மாணவர் கிளியார்க்கஸ் சொன்னதாக ஒரு செய்தியைத் தருகிறார்: யூதர்கள் இந்திய ஞானிகளின் வழிவந்தவர்கள் என்று. அது உண்மை அல்ல. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த மக்கள் பேச்சில் இந்தியா இருந்திருக்கிறது என்பது உண்மை.

சேகரிப்பவர்கள் அவருடைய நூல்களின் பழைய மொழிபெயர்ப்புகளை ஏன் இவ்வளவு தேடுகிறார்கள்? யூதப் போர் நூலைத் தம் தாய்மொழியில்தான் முதலில் எழுதியதாக அவரே சொல்கிறார். அந்த முதல் நூல் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்தது பின்னர் அவரே கிரேக்கத்தில் தந்த வடிவம். மூலம் அழிந்து, மறுவடிவம் பிழைத்தது. அச்சு வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. 1470இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லத்தீன் மொழிபெயர்ப்பு அச்சாகிவிட்டது. கிரேக்க மூலம் அச்சேறியது 1544இல், பாசல் நகரில். இடையிலே எழுபத்து நான்கு ஆண்டுகள், ஐரோப்பாவின் அச்சுப் புத்தக வாசகர் மொழிபெயர்ப்பைத்தான் படித்தார். இதற்கெல்லாம் முன்பே, பத்தாம் நூற்றாண்டில் தென் இத்தாலியில் யாரோ ஒரு யூதர் பழைய லத்தீன் நூல்களை வைத்துக்கொண்டு, எபிரேயத்தில் யோசிப்பன் என்ற வரலாற்றை எழுதினார். அது அரபுக்குப் போயிற்று, அரபிலிருந்து எத்தியோப்பியாவுக்குப் போயிற்று. ஆங்கிலத்தில் தாமஸ் லாட்ஜ் என்ற மருத்துவர் 1602இல் யோசேப்பஸின் நூல்களை முழுமையாகத் தந்தார். 1737இல் விஸ்டன் தந்த மொழிபெயர்ப்பு வீட்டுக்கு வீடு போனது. கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த பேராசிரியர் பதவிக்கு அவருக்கு அடுத்து வந்தவர்தான் இந்த விஸ்டன். அந்தப் புத்தகம் எத்தனையோ முறை மறுபதிப்பாகியிருப்பதால் அதற்குச் சேகரிப்பாளரிடம் பெரிய மதிப்பில்லை. லாட்ஜ் பதிப்பு என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

இனி நம் பக்கம் வருவோம்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனியர்களுக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்தார். அங்கே 1706 ஜூலையில் சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரண்டு இளைஞர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட ஆகவில்லை. மணலில் எழுதப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். அவர் மதம் பரப்ப வந்தவர், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த இரண்டே ஆண்டுகளில், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள், ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. சேகரிப்பு என்றால் என்ன என்பதற்கு அந்தப் பட்டியலை நான் உதாரணமாகக் காட்டுவேன். வாங்கி அடுக்குவதோடு அவர் நிற்கவில்லை. எந்த நூல், எதைப் பற்றியது என்று எழுதி வைத்தார். மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் இந்தக் கரையில் என்னென்ன நூல்கள் படிக்கப்பட்டன என்று ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அந்தப் பட்டியலுக்குப் போகிறார்கள்.

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி, 1711 மார்ச்சில் முடித்தார். அச்சிட எழுத்து வேண்டுமே! ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்து 1713இல் அனுப்பினார்கள். வந்த எழுத்து பெரிதாக இருந்தது. அதே அளவில் அச்சிட்டால் புத்தகம் தூக்க முடியாத பருமனாகிவிடும், காகிதமும் போதாது. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் பெரிய எழுத்தில் வந்தன. மீதி 1715இல் சிறிய எழுத்தில் வந்தது. அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பவர்கள் நடுவிலே எழுத்து சட்டென்று சிறுப்பதைக் கவனிக்கலாம். காகிதத் தட்டுப்பாடும் கைவேலையும் அந்தப் பக்கங்களிலேயே தெரியும். பொறையாற்றில் ஒரு காகிதப் பட்டறையையும் அமைத்தார்கள்.

பிறகு பழைய ஏற்பாடு. யூதர்களுடைய வரலாறு என்று நாம் சொல்வது அதில்தான் இருக்கிறது: எகிப்தில் அடிமைப்பட்டது, வெளியேறியது, கானானில் குடியேறியது, சவுல், தாவீது, சாலமோன் ஆகிய அரசர்கள், நாடு இரண்டாகப் பிரிந்தது, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனது, திரும்பி வந்து மதில் கட்டியது. யோசேப்பஸும் தமது இருபது பாக நூலின் முதல் பாதியில் இதே கதையைத்தான் கிரேக்கருக்காகத் திரும்பச் சொல்கிறார். சீகன்பால்கு இதில் ரூத்தின் கதை வரை வந்தார். 1719 பிப்ரவரியில் இறந்துவிட்டார், வயது முப்பத்தாறு. அவர் விட்ட இடத்திலிருந்து பெஞ்சமின் சூல்ட்சே தொடர்ந்தார். 1723இல் முதல் பகுதி அச்சாயிற்று, 1728க்குள் எல்லாம் முடிந்தது. ஒரு மக்கள் கூட்டத்தின் ஆயிரம் ஆண்டுக் கதை, வெளிநாட்டார் இருவர் கையாலும், பெயர் தெரியாத தமிழ் உதவியாளர்கள் பலர் உழைப்பாலும், நம் டெல்டாவில் தமிழ்ப் புத்தகமாயிற்று.

அந்தப் பெயர் தெரியாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. ஓலையில் எழுதிக் கொடுத்தவர், சொல்லைத் திருத்தியவர், எழுத்துக் கோத்தவர், மை தடவியவர், இவர்கள் எல்லாரும் நம் ஊர்க்காரர்கள். நூலின் முகப்பில் இவர்கள் பெயர் இல்லை. பழைய பிரதி ஒன்று கிடைத்தால் அதன் ஓரங்களில் இவர்களுடைய கைத்தடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது சேகரிப்பாளரின் கடமை என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த வருத்தமான செய்திக்கு வருகிறேன். 1715இல் தரங்கம்பாடியில் அச்சான அந்தப் புதிய ஏற்பாட்டின் ஒரு பிரதி சரபோஜியிடம் இருந்தது. அவருக்குக் காப்பாளராக இருந்த ஷ்வார்ட்ஸ் கொடுத்தது என்று சொல்லப்படுகிறது. ஓர் இந்து அரசர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். பின்னாளில் தஞ்சை அரண்மனை வளாகத்தில், அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு இருந்தது. 2005 அக்டோபரில் காணாமல் போயிற்று. புகார் கொடுத்தார்கள், வழக்குப் பதிவாயிற்று, கண்டுபிடிக்க முடியவில்லை என்று முடித்துவிட்டார்கள். 2017இல் மீண்டும் ஒருவர் புகார் கொடுத்தார். சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு போலீசார் விசாரித்தார்கள். உலக நாடுகளில் உள்ள நூலகங்கள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றின் இணையதளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, லண்டனில் உள்ள ஒரு சேகரிப்பில் அது இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டதாக 2022 ஜூலையில் அறிவித்தார்கள்.

கோயில் சிலை ஒன்று காணாமல் போனால் ஊரே கொதிக்கிறது. கொதிக்க வேண்டியதுதான். புத்தகம் காணாமல் போனபோது அப்படி யாரும் கொதிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு கழித்து யாரோ ஒருவர் விடாமல் புகார் கொடுத்திராவிட்டால் அந்த வழக்கு மூடியபடியே கிடந்திருக்கும். தமிழ்நாட்டில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகங்களில் ஒன்று அது. அதைச் சைவரும் வைணவரும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து தேடியிருக்க வேண்டும். இதை நான் மனக்குறையாகவே சொல்கிறேன்.

அரசர்களும் புத்தகமும் என்று பேச்சு வந்ததால் ஒன்று நினைவுக்கு வருகிறது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தாலமி பிலடெல்பஸ் என்ற அரசர் உலகத்துப் புத்தகம் எல்லாம் தம் நூலகத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். யூதர்களின் வேதமும் வரலாறும் இல்லையே என்று நூலகர் சொல்ல, எருசலேமிலிருந்து எழுபத்திரண்டு மூத்தோரை அழைத்துவந்து, கிரேக்கத்தில் பெயர்க்கச் செய்தாராம். இந்தக் கதையை யோசேப்பஸும் விரிவாகச் சொல்கிறார். வரலாற்று ஆய்வாளர்கள் இதை அப்படியே நம்புவதில்லை. ஆனால் யூதர் வரலாற்றின் முதல் பெரிய மொழிபெயர்ப்பை ஒரு நூல் சேகரிப்பாளரின் ஆசையோடு சேர்த்தே பழைய உலகம் நினைவில் வைத்திருந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம். நம் சரபோஜிக்கும் அந்த ஆசைதான். மராட்டி, சம்ஸ்கிருதம், தமிழ், தெலுங்கு, ஆங்கிலம், பிரெஞ்சு, லத்தீன் என்று அவர் எதையும் ஒதுக்கவில்லை.

சரி, முதல் பதிப்பு ஒன்று கிடைத்தால் போதுமா? போதாது என்பதுதான் நான் இங்கே அழுத்திச் சொல்ல வந்தது. பணம் உள்ளவர்கள் முதல் பதிப்பை மட்டும் துரத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே வரலாறு தமிழில் எத்தனை முறை எப்படியெல்லாம் சொல்லப்பட்டது என்பதை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் பயன். தரங்கம்பாடிப் பதிப்புக்குப் பிறகு சென்னை வேப்பேரியில் பப்ரிசியஸ் பாதிரியார் பல ஆண்டுகள் உழைத்தார். அவர் பயன்படுத்திய அச்சகமே 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர் அங்கிருந்து எடுத்து வந்தது. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வந்தது. பழைய ஏற்பாடு முழுமையாக வந்தது அவர் இறந்த பிறகு, 1796இல். இலங்கையில் பிலிப் தெ மெல்லோ என்ற தமிழர் 1759இல் கொழும்பில் தம் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். மோசேயின் ஐந்து நூல்களையும் மொழிபெயர்த்தார். பிறந்ததிலிருந்தே தமிழ் பேசிய ஒருவர் இந்த வரலாற்றைத் தமிழில் தந்ததால் அவருடைய ஏடுகள் எனக்குத் தனி மதிப்புடையவை. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு உதவியாக விவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவர் யார் தெரியுமா? ஆறுமுக நாவலர். பின்னாளில் சைவத்துக்காகவே வாழ்ந்தவர், இளமையில் தாவீதின் கதையையும் சாலமோனின் கதையையும் தமிழ் வாக்கியமாகச் செப்பம் செய்திருக்கிறார். 1850இல் வெளிவந்த அந்தப் பதிப்பைப் பல திருச்சபைகள் ஏற்கவில்லை. மறுபடி அச்சாகாத காரணத்தாலேயே இன்று அது அரிதாகிவிட்டது. கடைசியில் ஹென்றி பவரும் முத்தையா பிள்ளையும் உழைத்த பதிப்பு 1871இல் முழுமையாக வந்து, எல்லா வீடுகளுக்கும் போயிற்று.

இந்தப் பதிப்புகள் சண்டை இல்லாமல் வரவில்லை. இரேனியஸ் பாதிரியார் பப்ரிசியஸின் மொழியை மாற்றி எளிமையாக்க முனைந்தபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். ஷ்வார்ட்ஸிடம் வளர்ந்தவர், சரபோஜியின் நண்பர், பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். தாம் சிறுவயது முதல் ஓதி வந்த சொல்லை இன்னொருவர் மாற்றுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. இரண்டு புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் கோபம் என்ன என்று இன்றைய மாணவருக்குப் புரியும். ஒன்று மட்டும் இருந்தால் அது அலமாரியில் ஓர் அலங்காரம், அவ்வளவே.

சேகரிப்பின் நல்லதும் கெட்டதும் ஒரே மனிதரிடம் இருந்ததற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1806இல் கிளாடியஸ் புக்கானன் என்ற ஆங்கிலப் பாதிரியார் தென்னகம் முழுக்கச் சுற்றினார். தரங்கம்பாடிக்கு வந்தார், தஞ்சையில் சரபோஜியைச் சந்தித்தார், பிறகு கொச்சிக்குப் போனார். கொச்சி யூதர்களிடம் எண்ணூறு ஆண்டுகளாக ஒரு செப்பேடு இருந்தது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ண உரிமைகள் கொடுத்த பட்டயம் அது. கி.பி. 1000ஐ ஒட்டியது. எழுத்து வட்டெழுத்து, மொழி தமிழும் மலையாளமும் பிரியாத காலத்து மொழி. யூதர் வரலாற்றின் ஒரு பக்கம் நம் எழுத்தில், செம்பில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். புக்கானன் அதற்கு அச்சு அசலாகச் செம்பில் நகல் வெட்டச் செய்து, நகலை எடுத்துப்போனார். மூலம் அங்கேயே இருந்தது. அதுதான் சரியான முறை. ஆனால் அதே பயணத்தில் ஒரு பழைய எபிரேயத் தோல் சுருளையும் கொண்டுபோனார். சிவப்புச் சாயம் ஏற்றிய முப்பத்தேழு தோல்களைச் சேர்த்துத் தைத்தது, நீளம் நாற்பத்தெட்டு அடி. அதில் இருந்தது மோசேயின் நூல்கள். இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது, ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள், உண்மைதான். ஆனால் அதை வாசித்த சபை கேரளத்தில் இருந்தது. பாதுகாப்புக்காக என்று சொல்லி ஏட்டை ஊரைவிட்டு எடுத்துப் போவதை நான் ஏற்கமாட்டேன்.

இதற்கு மாறான வழியை நம் பக்கத்திலேயே காட்டியிருக்கிறார்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஓவியர், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், பழைய தமிழ் நூல், இதழ், துண்டுப் பிரசுரம், கலியாணப் பத்திரிகை என்று எதையும் விடாமல் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. வாங்கியும் கடல் கடத்தவில்லை. சென்னையிலேயே 1994இல் ஆய்வு நூலகமாக நிறுவினார்கள். நுண்படம் எடுத்தார்கள், நகல்தான் அயல்நாடு போயிற்று. நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் ஆசிரியர் சம்பளத்தில் முதல் பதிப்புகளாகச் சேர்த்துக் கட்டிய நூலகம். போய்ப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள், பட்டுக்கோட்டையிலிருந்து பேருந்து ஏறினால் அரைநாள் வேலை.

இனி, கையில் ஒரு பழைய பிரதி கிடைத்தால் என்ன பார்ப்பது என்று சொல்கிறேன். ஒரத்தநாடு பக்கம் ஒரு வீட்டில் ஒரு பழைய விவிலியத்தைப் பார்த்தேன். மேலட்டை இல்லை, முகப்புப் பக்கமும் இல்லை. ஆண்டு எங்கே பார்ப்பது? முதலில் காகிதத்தைத் தொட்டுப் பார்த்தேன். பதினெட்டாம் நூற்றாண்டுக் காகிதம் கந்தலை அரைத்துக் கையால் செய்தது. விளக்கின் முன் பிடித்தால் கம்பி வரிகள் தெரியும், மடித்தால் உடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மரக்கூழ்க் காகிதம் பழுப்பேறி அப்பளம் போல் நொறுங்கும். இந்த வீட்டுப் பிரதி மடியவும் செய்தது, ஓரம் நொறுங்கவும் இல்லை. அடுத்து எழுத்து. மிகப் பழைய அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இராது, காலும் ரகரமும் ஒன்றுபோல நிற்கும். இதில் அப்படி இல்லை, எனவே தரங்கம்பாடி முதல் பதிப்பு அல்ல. மூன்றாவதாகக் கடவுளுக்கு என்ன சொல் என்று பார்த்தேன். சீகன்பால்கு வழியில் சருவேசுரன் வரும், பப்ரிசியஸ் வழியில் பராபரன், பவர் பதிப்பில் தேவன். இதில் பராபரன் இருந்தார். பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பு, பின்னாளைய மறுபதிப்பு என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் சொன்னேன்.

அவர் கேட்டார், "அய்யா, இது விலை போகுமா?"

"விலை பெரிதாகப் போகாது. ஆனா இதைக் கொடுத்துடாதீங்க," என்றேன். காரணத்தைப் புரட்டிக் காட்டினேன். ராஜாக்களின் கதை முடிகிற இடத்தில் இருந்த வெற்றுப் பக்கத்தில் அவருடைய பாட்டனார் கையெழுத்தில் பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம், சாவு என்று வரிசையாகத் தேதி எழுதியிருந்தது. ஒரு வரியில் கொள்ளைநோயில் இறந்த இரண்டு குழந்தைகளின் பெயர். எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் அந்தப் பெயர்கள் இருக்கப் போவதில்லை. யூத அரசர்களின் வம்ச வரலாற்றுக்கு அடுத்த பக்கத்தில் ஒரு கள்ளிக்காட்டுக் குடும்பத்தின் வம்ச வரலாறு. பழைய புத்தக வியாபாரிகளில் சிலர் இப்படிப்பட்ட பக்கத்தை "எழுதிக் கெடுத்தது" என்று சொல்லிக் கிழித்துவிட்டு, பைண்டிங் போட்டு விற்கிறார்கள். அது கொடுமை. ஓரக் குறிப்பு, பெயர், பழைய ரசீது, எதையும் எடுக்கக் கூடாது.

2018 நவம்பரில் கஜா புயல் நம்மைப் புரட்டிப் போட்டது. தென்னையை எண்ணினோம், ஓட்டை எண்ணினோம், படகை எண்ணினோம். பரணில் இருந்த டிரங்குப் பெட்டிகளில் நனைந்து கூழாகிப் போன புத்தகங்களை யாரும் எண்ணவில்லை. சாப்பாடும் கூரையும் இல்லாத நேரத்தில் எண்ணியிருக்கவும் முடியாது. அதனால்தான் புயல் இல்லாத நாளில் செய்ய வேண்டும் என்கிறேன். நனைந்த புத்தகத்தை வெயிலில் காய வைக்காதீர்கள், நிழலில் காற்றாட வையுங்கள், பக்கத்துக்கிடையே வெள்ளைத் தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்பும் காய்ந்த நொச்சி இலையும் துணியில் முடிந்து பெட்டியில் போடலாம். செல்லோடேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அந்தப் பசை எழுத்தைத் தின்றுவிடும்.

வாங்கிச் சேர்க்கிற இளைஞர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. யாரிடம், எந்த ஊரில், எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நூலக முத்திரை உள்ள புத்தகம் கடையில் வந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். அந்த நூலகத்துக்குத் தகவல் கொடுங்கள். தஞ்சையில் காணாமல் போன புத்தகத்தையும் வழியில் யாரோ ஒருவர், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கைமாற்றியிருக்க வேண்டும்.

தாய்மார்களே, பெரியவர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய உதவி இல்லை. போகிக்கு வீடு ஒழிக்கும்போது பரணில் உள்ள பழைய புத்தகத்தை எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து பாருங்கள். எந்த மதத்துப் புத்தகமானாலும் சரி. முன்பக்கத்தையும், எழுத்து உள்ள ஒரு நடுப்பக்கத்தையும், கையெழுத்து இருந்தால் அந்தப் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து, சரசுவதி மகாலுக்கோ ஞானாலயாவுக்கோ சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கோ அனுப்பிக் கேளுங்கள். புத்தகத்தைக் கொடுக்க விருப்பமில்லை என்றால் கொடுக்க வேண்டாம், ஸ்கேன் எடுக்க மட்டும் இடம் கொடுங்கள். இந்தப் பொங்கலுக்குள் பட்டுக்கோட்டை வட்டத்தில் எந்தெந்த வீட்டில் என்னென்ன பழைய அச்சு நூல் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட வேண்டும் என்பது என் ஆசை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் வைத்திருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.